இடைக்கால நீதிமன்றம் என்று ஒன்று கிடையாது

போன மாதம் திண்டுக்கல்லிலிருந்து அத்தை போன் செய்தார். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சான் ஓசேயில் இருக்கும் மகனுடைய வீட்டைப் பழுதுபார்க்க எடுத்த ஒப்பந்ததாரர் பாதியில் விட்டுப் போனதில் வழக்கு. வீட்டுக்குப் போட்ட பணத்தில் பாதி அத்தையுடையது என்பதால் அவரும் ஒரு வாதி. கீழ்க்கோர்ட்டில் ஜெயித்துவிட்டார்கள், எதிர்த்தரப்பு அப்பீல் போயிருக்கிறது. வக்கீலின் கடிதத்தை ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் கொடுத்துத் தமிழாக்கி அத்தைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் இருந்த வரி இது: "உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து எதிர்த்தரப்பினர் இடைக்கால வேண்டுகோள் நீதிமன்றத்தை அணுகியுள்ளனர், மூன்று நீதிகள் இதை விசாரிப்பார்கள்."

"ஏம்ப்பா, ஹைகோர்ட்டே நம்ம பக்கம் சொல்லிருச்சு. அதுக்கு மேல இந்தத் தற்காலிகக் கோர்ட்டு என்ன பண்ணிற முடியும்?" என்றார் அத்தை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்த வரியைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

'இடைக்கால' என்ற சொல்லை நான் இந்த இடத்தில் பார்ப்பது இது முதல் தடவை அல்ல, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இடைக்காலத் தடை, இடைக்கால ஜாமீன், இடைக்கால பட்ஜெட் என்று நமக்குப் பழகிய எல்லாவற்றிலும் அது 'இன்டரிம்', அதாவது கொஞ்ச காலத்துக்கு மட்டும் இருப்பது. வக்கீலின் ஆங்கிலக் கடிதத்தில் இருந்ததோ 'இன்டர்மீடியட்'. காலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அது படிக்கட்டில் நடுப்படி. விசாரணை நீதிமன்றம் கீழே, மாநில உச்ச நீதிமன்றம் மேலே, நடுவில் இது. இடைநிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் என்றால் முடிந்தது. இடைநிலை ஆசிரியர் என்று எத்தனை வருடமாகச் சொல்கிறோம், அவரை யாரும் தற்காலிக ஆசிரியர் என்று நினைப்பதில்லையே.

'வேண்டுகோள்' வந்த கதையும் சுலபம். அப்பீல் லத்தீனின் 'அப்பெல்லாரே'யிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல், கூப்பிடுதல், முறையிடுதல் என்று பொருள். ஆங்கிலத்தில் அதற்கு வேண்டுகோள் என்ற பொருளும் உண்டு, மொழிபெயர்த்த கணினி அதைத் தூக்கிக்கொண்டது. நம் சொல் அதைவிடத் தெளிவு. முறை என்றால் நீதி, 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்' என்ற குறளில் இருப்பது அந்த முறைதான். எனக்கு முறை செய் என்று போய் நிற்பது முறையிடுவது, அதையே ஒரு படி மேலே போய்ச் செய்தால் மேல்முறையீடு. இலங்கையில் மேன்முறையீடு என்று எழுதுவார்கள். 'ல்' முன் 'ம' வந்தால் 'ன்' ஆகும் என்ற புணர்ச்சி விதியை அவர்கள் விடவில்லை, நாம் விட்டுவிட்டோம். நான் இங்கே மேல்முறையீடு என்றே எழுதுகிறேன், பழகிய கை.

சரி, என்னை உண்மையில் எரிச்சல்படுத்துவது அந்த வரியின் முதல் சொல், உயர் நீதிமன்றம். கலிபோர்னியாவில் நம் மாவட்டம் போன்ற 58 கவுண்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சுப்பீரியர் கோர்ட். சாட்சி ஏறுவதும், ஜூரி உட்காருவதும், வாடகைத் தகராறும் கொலை வழக்கும் முதன்முதலாக வருவதும் அங்கேதான். பெயரில்தான் 'சுப்பீரியர்', வேலை முழுக்க விசாரணை நீதிமன்றத்துடையது. அகராதியில் சுப்பீரியர் என்றால் உயர்ந்த என்று போட்டிருக்கிறது, எடுத்து ஒட்டிவிட்டார்கள். படிக்கிறவருக்குச் சென்னைப் பாரிமுனையில் இருக்கும் ஹைகோர்ட்டின் சிவப்புக் கட்டடம்தான் நினைவுக்கு வரும்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு கூட்டம் இருக்கிறது. நம் ஹைகோர்ட்டும் மாநிலத்தில் அப்பீல் கேட்கிறது, அதற்கு மேல் உச்ச நீதிமன்றம் இருக்கிறது, ஆகவே அமெரிக்க மாநில அப்பீல் கோர்ட்டையே உயர் நீதிமன்றம் என்று எழுதலாம் என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் பொருந்தாது. சென்னை உயர் நீதிமன்றம் அப்பீலும் கேட்கும், ரிட் மனுவும் கேட்கும், சென்னை நகரத்துப் பெரிய சிவில் வழக்குகளை நேரடியாக முதலிலிருந்தே விசாரிக்கவும் செய்யும், கீழ் நீதிமன்றங்களை மேற்பார்வையும் பார்க்கும். மாநிலத்துக்குள் அதற்கு மேல் எதுவும் இல்லை. கலிபோர்னியாவின் கோர்ட் ஆஃப் அப்பீலுக்கு மேல் அந்த மாநிலத்திலேயே ஏழு பேர் கொண்ட உச்ச நீதிமன்றம் உட்கார்ந்திருக்கிறது. மரண தண்டனை அப்பீல் நடுப்படியை மிதிக்காமல் நேரே அங்கே போய்விடும். மற்றவற்றில் பெரும்பாலும் எதை எடுப்பது என்பது அந்த ஏழு பேர் விருப்பம். அவர்கள் எடுக்காவிட்டால் நடுப்படியில் சொன்னதுதான் கடைசி.

நியூயார்க்குக்குப் போனால் இந்த உயரக் கணக்கு மொத்தமாகக் கவிழ்ந்துவிடும். அங்கே சுப்ரீம் கோர்ட் என்பது விசாரணை நீதிமன்றம். அதன் அப்பீல் பிரிவு நடுப்படி. உச்சியில் இருப்பதன் பெயர் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ். டிரம்ப் மீதான சிவில் மோசடி வழக்கில் 2024 பிப்ரவரியில் பெரும் அபராதம் விதித்தது இந்த விசாரணை நீதிமன்றம், 2025 ஆகஸ்டில் அபராதத்தை ரத்து செய்தது அதன் அப்பீல் பிரிவு. இதை 'உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது' என்று எழுதினால் படிக்கிறவர் தலையைச் சொறிய மாட்டாரா? மேரிலாந்துக்காரர்களே இந்தப் பெயர்க் குழப்பம் தாங்காமல் வாக்கெடுப்பு வைத்து, 2022 டிசம்பரில் உச்சிக்குச் சுப்ரீம் கோர்ட் என்றும் நடுப்படிக்கு அப்பலேட் கோர்ட் என்றும் பெயர் மாற்றிக்கொண்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன், தமிழுக்குள்ளேயே பாருங்கள். கொழும்பில் உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் உச்சி. ஆங்கிலத்தில் ஹைகோர்ட் என்று இருப்பதற்கு அங்கே மேல் நீதிமன்றம் என்று பெயர். இரண்டுக்கும் நடுவில் மேன்முறையீட்டு நீதிமன்றம். ஒரே சொல் பாக் நீரிணையைத் தாண்டினால் ஒரு படி ஏறிவிடுகிறது, மேன்முறையீட்டு நீதிமன்றம் மட்டும் இரு கரையிலும் ஒரே பொருள் தருகிறது. உயர், உச்ச, மேல் என்று உயரத்தைச் சொல்லும் பெயரை ஊர் மாற்றி ஒட்டக்கூடாது, வேலையைச் சொல்லும் பெயரைத் தாராளமாக ஒட்டலாம் என்கிறேன். சான் ஓசேக் கடிதத்துக்கு மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், கவுண்டி விசாரணை நீதிமன்றம், இந்த இரண்டும் போதும். மேல்முறை மன்றம் என்று எழுதும் தனித்தமிழ் அன்பர்களோடும் எனக்குச் சண்டை இல்லை, பொருள் சரியாகத்தானே இருக்கிறது.

அப்புறம் அந்த 'மூன்று நீதிகள்'. ஜஸ்டிஸ் என்பது இங்கே பதவிப் பெயர். கலிபோர்னியாவில் கீழே இருப்பவர் ஜட்ஜ், அப்பீல் கோர்ட்டிலும் உச்ச நீதிமன்றத்திலும் இருப்பவர் ஜஸ்டிஸ். ஆகவே அங்கே நீதிபதி, நீதியரசர் என்று பிரிப்பது அழகாகப் பொருந்தும். நியூயார்க்கில் பொருந்தாது, அங்கே விசாரணை நீதிமன்றத்தவர் ஜஸ்டிஸ், உச்சியில் இருப்பவர் ஜட்ஜ்! அந்த ஊருக்கு எல்லாரையும் நீதிபதி என்று எழுதிவிட்டுப் போவதே நல்லது.

அந்த மூவர் அமர்வு செய்யும் வேலையையும் அத்தைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. புதுச் சாட்சி கிடையாது, ஜூரி கிடையாது, இவர் நேரில் போய் அழுது காட்டவும் வழியில்லை. கீழே பதிவான வாக்குமூலக் கட்டையும் இரு தரப்பு எழுத்து வாதத்தையும் படிப்பார்கள், வக்கீல்கள் நின்று கொஞ்ச நேரம் பேசுவார்கள், கீழ்க்கோர்ட் சட்டத்தில் தவறியதா, தவறியிருந்தால் அது முடிவை மாற்றியிருக்குமா என்று பார்ப்பார்கள். வாதம் முடிந்து வழக்கு ஒப்படைக்கப்பட்ட 90 நாளுக்குள் தீர்ப்பு வராவிட்டால், வரும்வரை நீதியரசருக்குச் சம்பளம் கிடையாது, அந்த மாநில அரசியலமைப்பிலேயே அப்படி இருக்கிறது. இதைச் சொன்னதும் அத்தை, "அந்தச் சட்டத்தை மொதல்ல இங்க கொண்டு வரச் சொல்லு" என்றார். அவருடைய பாகப்பிரிவினை வழக்குக்கு வயது பதினாறு.

கடிதத்தின் கடைசியில் 'ஆறாவது மாவட்டத் தலைமை நீதிபதி' என்று வேறு இருந்தது. மாவட்டமும் தவறு, தலைமை நீதிபதியும் தவறு. அந்த 'டிஸ்ட்ரிக்ட்' பல கவுண்டிகள் சேர்ந்தது. மாநிலத்துக்கே ஆறுதான், முதலாவதில் மட்டும் 12 கவுண்டிகள். மண்டலம் என்று போட்டிருந்தால் அத்தை அதை மாவட்டக் கோர்ட்டோடு குழப்பியிருக்க மாட்டார். பிரிசைடிங் ஜஸ்டிஸ் என்பவர் அந்தந்த மண்டலத்தின் அல்லது பிரிவின் அமர்வுகளுக்குத் தலைவர், மாநிலம் முழுக்கக் கூட்டினால் அப்படி 19 இடங்கள் இருக்கின்றன. எல்லாரையும் தலைமை நீதிபதி ஆக்கிவிட்டால் கலிபோர்னியாவின் உண்மையான தலைமை நீதிபதியை என்னவென்று கூப்பிடுவது? பிரிவுத் தலைவர் என்று எழுதலாம். அமர்வின் மற்ற உறுப்பினரான அசோசியேட் ஜஸ்டிஸை உதவி நீதிபதி என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர் யாருக்கும் உதவியாளர் இல்லை, தீர்ப்பில் அவருக்கும் முழு ஓட்டு உண்டு. வெறுமனே நீதியரசர் என்றால் போதும்.