டோனா சம்மர் 'இரவு விடுதிப் பாடகி' அல்லர்

அமெரிக்க டிஸ்கோ பாடகி டோனா சம்மரைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'இரவு விடுதிப் பாடகி' என்று போடும் வழக்கம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. டிஸ்கோ என்ற சொல்லுக்கு இது முழுத் தவறான பெயர்ப்பு.

சொல்லின் வரலாறு சிறியது. பிரெஞ்சில் 'பிப்ளியோதெக்' என்றால் நூலகம். அதே அச்சில் வார்த்தது 'டிஸ்கோதெக்': இசைத்தட்டுகளைச் சேர்த்துவைக்கும் இடம். பிறகு, வாத்தியக் குழு இல்லாமல் இசைத்தட்டைச் சுழலவிட்டு ஆடும் கூடத்துக்கு அந்தப் பெயர் ஆகிவந்தது. அமெரிக்கர்கள் அதை 'டிஸ்கோ' என்று குறுக்கினார்கள். 1970களில் அந்தக் கூடங்களை நம்பி எழுந்த இசைக்கும் அதுவே பெயராயிற்று.

ஆக, சொல்லின் உயிர் தட்டில் இருக்கிறது. இரவிலும் இல்லை, விடுதியிலும் இல்லை. 'இரவு விடுதிப் பாடகி' என்றதும் மேடையும் ஒலிவாங்கியும் மங்கலான விளக்கும் கண்முன் வந்துவிடுகின்றன. டிஸ்கோ கூடத்தின் இலக்கணமோ அங்கே பாடகர் தேவையில்லை என்பதுதான். பாடியவர் எங்கோ இருப்பார், தட்டு சுழலும்.

டோனா சம்மரின் வாழ்க்கையே இதற்குச் சான்று. 1948-ல் பாஸ்டனில் பிறந்து, தேவாலயத்தில் பாடி வளர்ந்து, இசை நாடகத்தில் நடிக்க ஜெர்மனிக்குப் போனவர் அவர். மியூனிக்கில் இசைத் தயாரிப்பாளர்கள் ஜார்ஜியோ மொரோடர், பீட் பெலாட் ஆகியோருடன் பதிவுக்கூடத்தில் உருவாக்கிய 'லவ் டு லவ் யூ பேபி' 1975-ல் ஏறக்குறைய 17 நிமிட வடிவத்தில் இசைத்தட்டின் ஒரு பக்கத்தை நிறைத்தது. ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நடுவில் நிறுத்த வேண்டியதில்லை. 1977-ல் வந்த 'ஐ ஃபீல் லவ்' பாடலில் இசை பெரும்பாலும் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியிலிருந்து பிறந்தது. பின்னாளில் வந்த டெக்னோ, ஹவுஸ் என்ற மின்னணு ஆட்ட இசைகளுக்கு வழி திறந்த பாடல் அது. பியான்சே 2022-ல்கூட அதைத் தம் பாடலில் எடுத்தாண்டார்.

போதாக்குறைக்கு, தமிழில் 'இரவு விடுதி' என்ற தொடருக்கே ஒரு கறை உண்டு. ஐந்து கிராமி விருதுகள் பெற்ற கலைஞர்மீது அதை ஏன் பூச வேண்டும்? 1979 ஜூலை 12 அன்று சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோவை வெறுத்தவர்கள் வெடிவைத்ததுகூட இசைத்தட்டுகளுக்குத்தான்.

டிஸ்கோவுக்குத் 'துள்ளிசை' என்ற பெயரும் பொருந்தாது, துள்ளவைக்கும் பாட்டு எதற்கும் அது செல்லும். நூலகத்தை ஒட்டித் 'தட்டகம்' என்று ஆக்கலாம் என்றால், தட்டு என்றதும் சோற்றுத்தட்டே நினைவுக்கு வரும். 'இசை' முன்னே நின்றாக வேண்டும். எனவே இடத்துக்கு 'இசைத்தட்டு ஆட்டக்கூடம்' என்போம். இசைக்கு டிஸ்கோ என்ற பெயரே இருக்கட்டும். ஜாஸையும் கஜலையும் நாம் பெயர்க்கவில்லையே.

பாட்டைக் கேட்காமல் அகராதியை மட்டும் புரட்டுவதால் வரும் வினை இது. இப்போது 'ஹவுஸ்' இசையையும் 'வீட்டிசை' என்கிறார்கள். சிகாகோவின் 'வேர்ஹவுஸ்' என்ற ஆட்டக்கூடத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பெயர் அது. வீட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.