சுவரை ஒட்டிக் கீழே இழுங்கள்

போன ஏப்ரல் கடைசியில் திருநெல்வேலி பெருமாள்புரத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போயிருந்தேன். குடியிருந்தவர்கள் காலி செய்கிறார்கள், சுவரைப் பார்த்து ஒரு தொகை சொல்லுங்கள் என்று வீட்டுக்காரர் கூப்பிட்டிருந்தார். பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், இரண்டு தரப்பும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றன. சுவரில் ஏழு இடத்தில் தீப்பெட்டி அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்து வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

"அண்ணாச்சி, ஆணி அடிக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஆணி அடிச்சிருந்தாக்கூட ஏழு ஓட்டையோட போயிருக்கும். இப்பப் பாருங்க, சுவத்தையே உரிச்சு வச்சிருக்காவ" என்றார் வீட்டுக்காரர்.

வங்கியில் வேலை பார்க்கும் குடியிருந்த பெண், டேப்பில் ஒட்டும் கொக்கிகள் வந்த காலி அட்டையை எடுத்து நீட்டினார். "சுவத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு இதுலதான போட்டிருக்கு அண்ணாச்சி."

எட்டாவது கொக்கி ஒன்று அடுக்களைக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியபடியே இருந்தது. இதை நான் எடுக்கட்டுமா என்று கேட்டு, கொக்கியை மேல்பக்கமாகக் கழற்றினேன். அடியில் டேப்பும், அதன் கீழ் நுனியில் ஒட்டாமல் தொங்கும் சின்ன வாலும் தெரிந்தன. அந்த வாலைப் பிடித்து, கை சுவரை உரசுகிற மாதிரி வைத்துக்கொண்டு, நேராகக் கீழே மெதுவாக இழுத்தேன். சூயிங்கம் மாதிரி நீண்டது. ஒரு சாண் நீளம் வந்ததும் சுவரிலிருந்து தானாக விட்டுவிட்டது. அந்த இடத்தில் ஒரு தடம்கூட இல்லை. "நாங்க இப்படி வெளிப்பக்கமா இழுத்தோம்" என்று அந்தப் பெண் தன் நெஞ்சைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

ஏழு இடம் போனதற்கு ஒரு காரணம் அதுதான். இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் என் பங்கும் இருக்கிறது.

20 வருடமாகப் பெயிண்டிங் ஒப்பந்த வேலை பார்க்கிறேன். இந்த இழுத்து எடுக்கும் டேப்புகள் நம் ஊருக்கு ஆன்லைன் கடைகள் வழியாக வந்து சேர்ந்த பிறகு, இவற்றால் வரும் டச்-அப் வேலை வருடாவருடம் கூடிக்கொண்டுதான் வருகிறது. டேப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நல்ல சரக்கு அது. ஆனால் எப்படி எடுப்பது என்று அட்டையில் பொடி எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை.

சாதாரண டபுள் சைடு டேப்பை எடுப்பதும் இதை எடுப்பதும் ஒன்றல்ல. டேப்பைச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகப் பிரிக்கும்போது, நீங்கள் கொடுக்கிற விசை முழுவதும் பிரிகிற அந்த ஓரக் கோட்டில் மட்டும் போய் நிற்கிறது. ஒரு நூல் அகலம்தான் இருக்கும். அங்கே பசை பெரிதா, பெயிண்டின் பிடிப்பு பெரிதா என்று போட்டி. பெயிண்ட் தோற்றால் அதுவும் டேப்போடு வந்துவிடும். சுவரோடு ஒட்டி இழுக்கும்போது நடப்பது வேறு. டேப் ரப்பர் மாதிரி நீள்கிறது. ரப்பரை இழுத்தால் நீளம் கூடுமே தவிர அதன் கன அளவு கூடாது. ஐந்து மடங்கு நீண்டால் அகலமும் தடிமனும் ஆளுக்குப் பாதிக்கும் கீழே சுருங்கியாக வேண்டும். அப்படிச் சுருங்குகிற பசை, பிடித்த இடத்தில் நிற்க முடியாமல் நழுவி விடுகிறது. கீழ் நுனியில் தொடங்கி மேலே மேலே அந்த விடுபடல் ஏறிப்போகும். பெயிண்டை வெளியே பிடுங்குகிற விசை அநேகமாக இல்லவே இல்லை. இதற்காகவே பசையிலும் நடுப்பட்டையிலும் நன்றாக நீளக்கூடிய செயற்கை ரப்பர் வகைகளைப் போடுகிறார்கள்.

இந்த இடத்தில் எங்கள் தொழில் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். ஒட்டுவதற்கு எவ்வளவு கவனமோ அவ்வளவு கவனம் எடுப்பதற்கும் வேண்டும் என்ற எண்ணம் பெயிண்டர்களின் தொல்லையிலிருந்து பிறந்தது. அமெரிக்காவில் இரண்டு நிறக் கார்கள் நாகரிகமாக இருந்த காலம். ஒரு நிறத்தை மறைத்து மற்றதை அடிக்கப் பசை போட்டு ஒட்டிய காகிதத்தை எடுத்தால் புதுப் பெயிண்டும் கூடவே வரும். 3எம் கம்பெனியில் இருந்த ரிச்சர்ட் ட்ரூ அதைப் பார்த்துத்தான் 1925இல் மாஸ்கிங் டேப்பைக் கொண்டுவந்தார். 1930இல் செல்லோ டேப்பும் அவர் கைவேலைதான். இழுத்தால் விடும் டேப் வர இன்னும் 60 வருடத்துக்கு மேல் ஆனது. 1990களின் முதல் பாதியில் ஜெர்மனியின் டெசா பவர்ஸ்ட்ரிப்ஸ், 1996இல் 3எம்மின் கமாண்ட். இன்றைக்கு ஆன்லைனில் இதே மாதிரி எத்தனையோ பெயரில் கிடைக்கிறது. வாங்கும்போது கீழே வால் இருக்கிறதா என்று பாருங்கள். வால் இல்லாமல் "கறை படியாது" என்று மட்டும் போட்டு விற்கிற ஒளி ஊடுருவும் ஜெல் டேப் வேறு சரக்கு, அது இப்படி விடாது.

வால் என்றதும் மகாராஜநகரில் ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. கொக்கிக்குக் கீழே வால் தெரிவது அசிங்கமாக இருக்கிறது என்று, ஒட்டும் முன்பே கத்தரிக்கோலால் அதை நறுக்கிவிட்டார்கள். 12 கொக்கி! சாவி இல்லாத பூட்டு மாதிரி ஆகிவிட்டது. வால் அறுந்துபோனாலும் இதே கதைதான். அப்போது பட்டித் தகட்டை விட்டு நெம்பாதீர்கள். ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டி, தூண்டில் நரம்பை, எங்கள் பக்கம் தங்கூசி என்போம், டேப்புக்குப் பின்னால் விட்டு ரம்பம் மாதிரி இங்கும் அங்கும் இழுத்தால் கொக்கி கையோடு வரும். மிச்சப் பசையை விரலால் உருட்டியே எடுத்துவிடலாம். 12 கொக்கிக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் போனது.

சட்டம் போட்ட படங்களுக்கு வரும், ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் ஜோடிப் பட்டைகளில் இன்னொரு தவறு நடக்கிறது. படத்தை அப்படியே இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்குகிறார்கள். கீழ் ஓரத்தில் கை கொடுத்து மேல்பக்கமாகப் பிரித்தால் பட்டை இரண்டாகக் கழன்று படம் மட்டும் வரும். சுவரில் நிற்கிற பாதியை அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இழுத்து எடுக்க வேண்டும்.

சரி, இனி சுவருக்கு வருவோம். டேப் ஒட்டுவது சுவரில் அல்ல, சுவரின் மேல் கடைசியாக அடித்த பெயிண்டில். அதற்குக் கீழே பெயிண்டுக்குப் பிடிப்புக் கொடுக்கும் பிரைமர், சுவரைச் சமப்படுத்தும் பட்டி, சிமெண்ட் பூச்சு என்று வரிசையாக இருக்கின்றன. இவற்றில் எது பலவீனமோ அங்கேதான் பிரியும். டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் வருடா வருடம் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு, அதன் மேல் தூள் கலந்த மலிவுப் பெயிண்டான டிஸ்டம்பர், அதன் மேல் பிள்ளைகள் கல்யாணத்துக்கு அடித்த எமல்ஷன் பெயிண்ட் என்று ஒரு வரலாறே படிந்திருக்கும். அந்தச் சுவரில் எந்தக் கம்பெனி டேப்பும் நிற்காது. நின்றாலும் போகும்போது வரலாற்றைக் கூட்டிக்கொண்டு போகும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிற தெருக்களில் முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்திருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் நின்ற வீடுகளில் அதற்கு மேலேயும் பார்த்திருக்கிறேன். அங்கேயும் வேண்டாம்.

ஒட்டும் முன் உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் மாவு மாதிரி ஒட்டினால் அத்தோடு விட்டுவிடலாம். ஒட்டாவிட்டால், கதவுக்குப் பின்னால் மறைவான இடத்தில் சாதாரண செல்லோ டேப்பை நன்றாக அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பசைப்பக்கம் சுத்தமாக இருந்தால் நம்பி ஒட்டலாம்.

புதுப் பெயிண்டுக்கு 7 நாளாவது பொறுக்க வேண்டும் என்று டேப் கம்பெனிகளே சொல்கின்றன. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இறுகியிருக்காது. நம் ஊரில் பால்காய்ச்சுக்கு முந்தின ராத்திரி வரை பெயிண்ட் அடிப்போம். விடிந்தால் பலூனும் தோரணமும் டேப் போட்டு ஒட்டுவார்கள். என்னிடம் கேட்டால், தோரணத்தைக் கதவு நிலையில் கட்டச் சொல்வேன். நிலையில் கட்டத்தானே ஆசாரி அங்கே ஆணி விட்டிருக்கிறார்.

அடுக்களைச் சுவர் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தாலும் எண்ணெய்ப் படலம் இருக்கும். பலாப்பழம் அறுக்கும்போது பால் ஒட்டாமலிருக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அதே வேலையை அந்தப் படலம் டேப்பிடம் செய்யும். சோப்புத் தண்ணீர் தன் பங்குக்கு ஒரு படலத்தை விட்டுப்போகும். மருந்துக்கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று கேட்டு வாங்கித் துடைத்து, காயவிட்டு ஒட்டுங்கள். கொரோனா காலத்துச் சானிடைசர் மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள், அதில் கை வறண்டுபோகாமல் இருக்கக் கிளிசரின் சேர்ப்பார்கள். ஒட்டியபின் 30 விநாடி அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாரத்தை மாட்டலாம். நான் ராத்திரி ஒட்டிக் காலையில்தான் மாட்டச் சொல்வேன்.

அப்புறம் வெயில். பொதுவாக இந்த டேப்புகளுக்குக் கம்பெனிகள் சொல்லும் எல்லை 40 டிகிரி. கத்திரி வெயிலில் பாளையங்கோட்டையின் மேற்குச் சுவர் சாயங்காலம் நாலு மணிக்கு உள்பக்கமே கை வைத்தால் சுடும். சூட்டில் பசை இளகி, பாரம் நாள் கணக்கில் மயிரிழை மயிரிழையாக இறங்கும். ஒட்டின அன்று நின்றது என்பதை வைத்து மே மாதமும் நிற்கும் என்று நினைக்க முடியாது. குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் சுவர் ஈரம் கட்டுவதும் கெடுதல்தான். வருடக்கணக்கில் வெயில் பட்ட டேப் நீளும் தன்மையை இழந்து இழுக்கும்போதே அறுந்துபோகும். பழையதென்றால் இன்னும் மெதுவாக இழுங்கள்.

எதை மாட்டக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டில் தாத்தா படம். தேக்குச் சட்டம், கண்ணாடி, மேலே சந்தன மாலை வேறு. எடை அட்டையில் போட்ட கணக்குக்குள்தான் இருந்தது என்று பேரன் சாதித்தான். அந்தக் கணக்கு வழவழப்பான, கெட்டியான பரப்புக்கு என்பதை அவன் பார்க்கவில்லை. மதியத் தூக்கத்தில் இருந்த ஆச்சியின் கட்டிலுக்கு இரண்டடி தள்ளி விழுந்தது. "அவிய என்னையக் கூப்பிட வந்தாவ, நான்தான் வரலன்னுட்டேன்" என்று ஆச்சி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டில், தொட்டில், அடுப்பு இவற்றுக்கு மேலே டேப்பில் எதுவும் தொங்கக் கூடாது. ஒரே பிரதியாக இருக்கும் படத்துக்கும் கண்ணாடிக்கும் துளை போட்டு பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்குவதுதான் முறை. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு துளை போட்டுக்கொள்ளலாம். காலி செய்யும்போது ஒரு துளையைப் பட்டி வைத்து அடைக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும்.

பெருமாள்புரத்துக் கதைக்கு வருகிறேன். உரிந்து வந்த ஏழு டேப்பையும் அந்தப் பெண் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். எமல்ஷனின் முதுகில் வெள்ளைத் தூள் அப்பியிருந்தது. நல்ல பிரைமரின் மேல் நின்ற பெயிண்ட் இப்படி வராது. பழைய டிஸ்டம்பரைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்த வேலை அது. நான்கு வருடம் முன்பு அடித்தது என் ஆட்கள்தான். சுரண்டினால் கூலி கூடும் என்று வீட்டுக்காரர் தயங்கினார், சரி போகட்டும் என்று நானும் தலையாட்டினேன். இதை இரண்டு பேர் முன்னாலும் சொன்னேன்.

நான்கு வருடப் பெயிண்டில் ஏழு இடம் மட்டும் டச்-அப் செய்தால் தேமல் மாதிரி தெரியும், முழுச் சுவரையும் அடிக்க வேண்டும். பெயிண்ட் விலையில் வீட்டுக்காரர் பாதி, அந்தப் பெண் பாதி, கூலி என் கணக்கு என்று பேசி முடித்தோம். மறுநாள் அந்த ஒரு சுவரைச் சுரண்டியதில் ஒரு பக்கெட் தூள் வந்தது. வீட்டுக்காரர் பக்கெட்டை எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, பையனைக் கூப்பிட்டு எங்களுக்கு டீ வாங்கி வரச் சொன்னார்.