பீரோ சாவி, லாக்கர் சாவி: லினக்ஸ் டிஸ்க் பூட்டுவது எப்படி?

என் பழைய லேப்டாப்பின் திரை போய்விட்டது. சரிபார்க்கக் கொடுப்பதற்கு முன் கோப்புகளை எடுத்துவிடலாம் என்று உள்ளிருந்த எஸ்எஸ்டி டிஸ்க்கைக் கழற்றி, ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு, வீட்டிலிருந்த இன்னொரு உபுண்டு (லினக்ஸின் ஒரு வகை) கணினியில் செருகினேன். ஐந்து நிமிட வேலை. பான் அட்டை ஸ்கேன், வங்கிக் கடிதங்கள், பத்து வருடப் புகைப்படங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அந்த லேப்டாப்பில் நுழைய 14 எழுத்துக் கடவுச்சொல் வைத்திருந்தேன். அது வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி மாதிரி. பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்விட்டால் அவர் யாரைத் தடுப்பார்? லினக்ஸ் பயனரைப் பெயரால் அல்ல, எண்ணால் அறிகிறது. உபுண்டுவில் முதலில் உருவாகும் பயனரின் எண் 1000. இரண்டு கணினியிலும் முதல் பயனர் நான்தான் என்பதால், அந்தக் கோப்புகள் என்னை உரிமையாளராகவே ஏற்றுக்கொண்டன. எண் வேறாக இருந்தாலும் ரூட் அதிகாரம், அதாவது கணினியின் முழு நிர்வாக உரிமை, போதும். கழற்றியவர் நானாக இல்லாமல் யாராக இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

இன்றைய ஆண்ட்ராய்டு போனில் இப்படிச் செய்ய முடியாது. அதன் சேமிப்பு முதல் நாளிலிருந்தே குறியாக்கத்தில், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குழப்பி வைத்த நிலையில், இருக்கிறது. லினக்ஸிலும் இதற்கான வசதி புதிதல்ல. டிஎம்-கிரிப்ட் என்ற பகுதி 2004-லேயே லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் வந்துவிட்டது. உபுண்டுவையோ ஃபெடோராவையோ நிறுவும்போது அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும், டிக் செய்தால் போதும். பெரும்பாலானோர் செய்வதில்லை. நானும் செய்யவில்லை.

டிஎம்-கிரிப்ட் செய்யும் வேலை எளிது. கோப்பு முறைமைக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கீழே போவதைக் குழப்பி அனுப்பும், மேலே வருவதைத் தெளிவாக்கித் தரும். டிஸ்க்கை 512 அல்லது 4096 பைட் துண்டுகளாகப் பார்த்து, ஒவ்வொரு துண்டையும் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையில் தனித்தனியாகக் குறியாக்கும். அந்தத் துண்டு டிஸ்க்கில் எத்தனையாவது என்ற எண்ணும் கணக்கில் சேரும். ஆகவே ஒரே படத்தை இரண்டு இடத்தில் சேமித்தாலும் டிஸ்க்கில் அவை ஒன்றுபோல இருக்காது. வேகம் குறையுமே என்ற பயம் பழைய காலத்துப் பயம். இன்டெல் 2010-லேயே ஏஇஎஸ் கணக்குக்கென்று தனிக் கட்டளைகளை பிராசஸரில் சேர்க்கத் தொடங்கிவிட்டது. கடிதம் எழுதி, படம் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

சரி, சாவி எங்கே இருக்கிறது? எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

நீங்கள் தட்டும் கடவுத்தொடர் (நீளமான கடவுச்சொல்) நேராக டிஸ்க்கைத் திறப்பதில்லை. வீட்டு இரும்பு பீரோவை நினைத்துக்கொள்ளுங்கள். நகை இருப்பது லாக்கரில். லாக்கர் சாவியைப் புடவைக்கு அடியில் வைத்து பீரோவைப் பூட்டிவிட்டு, பீரோ சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொள்வார்கள். லினக்ஸிலும் அதே ஏற்பாடு. டிஸ்க்கைக் குறியாக்கும் உண்மையான சாவி, கணினியே குலுக்கிப் போட்டு எடுத்த 64 பைட் எண். அதை எந்த மனிதரும் பார்ப்பதில்லை. அந்தச் சாவியைத்தான் உங்கள் கடவுத்தொடர் பூட்டி வைக்கிறது.

இந்த ஏற்பாட்டின் பெயர் லக்ஸ். சோப்பு அல்ல, லினக்ஸ் யூனிஃபைடு கீ செட்டப் என்பதன் சுருக்கம். கிளெமென்ஸ் ஃப்ரூவிர்த் 2004-ல் வகுத்தது. டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு தலைப்பகுதி, அதில் பல சாவிக்குழிகள். முதல் பதிப்பில் 8, இரண்டாம் பதிப்பில் 32. ஒவ்வொரு குழியும் ஒரு தனி பீரோ. எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது அதே லாக்கர் சாவியின் நகல். அதனால் ஒரு குழியை என் கடவுத்தொடரும், இன்னொன்றை மனைவியின் கடவுத்தொடரும், மூன்றாவதை ஒரு யூஎஸ்பி சாவியும் திறக்கலாம். கடவுத்தொடரை மாற்ற 1 டெராபைட் தகவலை மறுபடி எழுத வேண்டியதில்லை, ஒரு குழியை மாற்றினால் போதும், சில விநாடிகள். கணினியை விற்கும்போதும் அப்படித்தான். குழிகளை அழித்துவிட்டால் மீதி முழுவதும் வெறும் இரைச்சல். அதே காரணத்தால், தலைப்பகுதி கெட்டுப்போனால் உங்களுக்கும் அது இரைச்சல்தான். அதற்கொரு நகல் வெளியே இருக்கட்டும்.

குழிகளைக் கட்டிய விதத்தில் ஒரு குறும்பு இருக்கிறது. டிஸ்க்குகள் கெட்டுப்போன துண்டைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு வேறிடத்தைப் பயன்படுத்தும். நீங்கள் ‘அழித்த’ சாவி அந்த ஒதுங்கிய மூலையில் உயிரோடு கிடக்கலாம். ஆகவே லக்ஸ் அந்த 64 பைட்டை 4000 மடங்காக ஊதி, சுமார் 250 கிலோபைட்டாக விரித்து எழுதுகிறது. திரும்பப் பெற எல்லாத் துண்டும் வேண்டும், ஒன்று போனாலும் சாவி போச்சு. பொதுவாகக் கணினியில் எதையும் தொலைக்காமல் காப்பதற்குத்தான் படாதபாடு படுவோம். இங்கே எளிதில் தொலையும்படி கட்டியிருக்கிறார்கள். (எஸ்எஸ்டி தன் இஷ்டத்துக்கு நகலை எங்கெங்கோ வைக்கும் என்பதால் அதில் இந்த உத்தி அவ்வளவு கைகொடுக்காது.)

கடவுத்தொடரை ஊகித்துப் பார்ப்பவருக்கும் ஒரு தடை உண்டு. லக்ஸ் இரண்டாம் பதிப்பு ஆர்கான்2 என்ற கணக்கை வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறது. ஒரு முயற்சிக்குச் சுமார் 2 விநாடி, 1 ஜிபி வரை ரேம். உங்களுக்கு அது ஒரு கொட்டாவி நேரம். கோடிக்கணக்கான முயற்சிகளை ஒரே நேரத்தில் ஓட்ட நினைப்பவருக்கு அத்தனை ரேம் எங்கிருந்து வரும்?

இவ்வளவு நன்றாகக் கட்டிய வீட்டின் வாசல்தான் இடிக்கிறது. கணினியைப் போட்டதும் கடவுத்தொடர் கேட்கும், அப்புறம் உள்ளே நுழைய இன்னொரு முறை கேட்கும். முதல் கேள்வி வரும் நேரத்தில் முழு லினக்ஸ் இன்னும் எழுந்திருக்காது. விசைப்பலகை அமைப்பு மாறி, குறியீடுகள் இடம் மாறியிருக்கலாம். தமிழ்99 அங்கே வேலை செய்யாது. தமிழில் கடவுத்தொடர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொற்களைத் தட்டுவதே வழி. தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்தால் நல்ல கடவுத்தொடர். குறளின் முதலடி வேண்டாம், அதை எல்லோரும் யோசிப்பார்கள்.

முன்பு உபுண்டு வேறொரு வழியில் இதை எளிதாக்கப் பார்த்தது. ஈகிரிப்ட்எஃப்எஸ் மூலம் பயனரின் ஹோம் அடைவை மட்டும் குறியாக்குவது. உள்நுழையும் கடவுச்சொல்லே அதையும் திறக்கும், இரண்டாம் கேள்வி இல்லை. ஆனால் வெளியே இருக்கும் தற்காலிகக் கோப்புகள் திறந்தே கிடக்கும். கோப்புப் பெயரையும் குறியாக்கியதால் அதன் நீளம் 255 பைட்டிலிருந்து 143-க்குச் சுருங்கியது. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட், புள்ளியும் துணைக்காலும் தனிக்கணக்கு. ‘கட்டுரை’ என்ற ஒரு சொல்லே 21 பைட். ஆறு சொல்லில் பெயர் வைத்தால் எல்லை வந்துவிடும். 18.04 பதிப்பின் நிறுவியில் உபுண்டு அந்த வசதியைக் கைவிட்டது. எனக்கு வருத்தமில்லை.

இப்போதைய முயற்சி சாவிக்குழிகளை நம்புகிறது. பூட்டைத் தொடாமல், திறக்கும் வழிகளைக் கூட்டுவது. கடந்த சில வருடக் கணினிகளில் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் இருக்கும். கணினி எழும்போது ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தை அளந்து, அந்தக் கைரேகையைச் சிப்பிடம் தருகிறது. சிப் அதைப் பழைய எண்ணோடு சேர்த்து அரைத்து வைத்துக்கொள்ளும். விரும்பிய எண்ணை யாரும் நேராக எழுதிவிட முடியாது. வழக்கமான எண் வந்தால் மட்டும் சிப் சாவியை விடுவிக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டால் சிப் கூடவே வராது, திறக்காது. என் கதை அங்கேயே முடிந்திருக்கும். லினக்ஸை எழுப்பி நடத்தும் மென்பொருளான சிஸ்டம்-டி 2021-ல் தன் 248-ஆம் பதிப்பில் இந்தச் சாவியைக் குழியில் சேர்க்க ஒரு கருவி தந்தது. உபுண்டு 23.10-ல் நிறுவியிலேயே சோதனை வசதியாக இது வந்தது.

சிப் மட்டும் போதுமா? லேப்டாப்பை முழுதாகத் திருடியவருக்கும் அது தானாக எழுந்துவிடும். உள்நுழைவுத் திரைதான் கடைசிக் காவல். சில மதர்போர்டுகளில் சிப்பிலிருந்து பிராசஸருக்குப் போகும் கம்பியை ஒட்டுக்கேட்டே சாவியைப் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். அதனால் சிப்போடு ஒரு சின்ன பின் எண் சேர்ப்பதே என் விருப்பம். தவறான முயற்சிகளைச் சிப் எண்ணிக்கொண்டே வந்து, ஓர் எல்லைக்குப் பின் கதவைச் சாத்திவிடும். எனவே ஏடிஎம் பின் போல சில இலக்கங்களே போதும். நீளக் கடவுத்தொடரின் தேவையே போய்விடுகிறது.

கணினியின் வன்பொருளிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரை மேம்படுத்தினால் கைரேகை மாறி, சிப் உங்களையே அந்நியராகப் பார்க்கலாம். அதற்காக இன்னொரு குழியில் மீட்புச் சாவி. சிஸ்டம்-டி உருவாக்கித் தருவது எட்டெட்டாக 64 எழுத்து. எல்லாம் 16 எழுத்துகளுக்குள்தான் வரும், ஏனென்றால் பெரும்பாலான விசைப்பலகை அமைப்புகளில் இடம் மாறாத எழுத்துகள் அவை. மேலே சொன்ன வாசல் தொல்லையை யாரோ அனுபவித்திருக்கிறார்கள்!

இன்னமும் எளிதாகாத ஒன்று, முன்பே நிறுவிய லினக்ஸைப் பூட்டுவது. விண்டோஸிலும் மேக்கிலும் அமைப்புகளுக்குப் போய் ஒரு சுவிட்சைப் போட்டால் போதும். லினக்ஸில் கிரிப்ட்செட்டப் என்ற கருவியால் முடியும். ஆனால் நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் யூஎஸ்பியில் எழுப்பி, கோப்பு முறைமையைச் சுருக்கி, தலைப்பகுதிக்கு 32 மெகாபைட் இடம் ஒதுக்கி, எல்லாவற்றையும் கட்டளையாகத் தட்ட வேண்டும். ஓர் இலக்கம் பிசகினால் தரவு போய்விடும். இதற்கு நான் யாரையும் தூண்ட மாட்டேன். கோப்புகளை வெளியே நகலெடுத்துவிட்டு, அந்தக் கட்டத்தை டிக் செய்து மறுபடி நிறுவுவதே நல்லது.

திரை மாற்றிய லேப்டாப்பில் நானும் அப்படித்தான் செய்தேன். மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி ரேஷன் அட்டை உறைக்குள் வைத்திருக்கிறேன். அந்த உறை இருப்பது பீரோவில். பீரோ சாவி மனைவியிடம்.