கொக்கி இல்லாத இறகும் வேலூர் வெயிலும்

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் மொட்டைமாடிகளில் கூண்டு வைத்து ஃபேன்சி கோழி வளர்ப்பது இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. புசுபுசுவென்று சில்கி, தலை நிறைய இறகோடு பாலிஷ் கேப், காலெல்லாம் இறகு முளைத்த பிராமா, கொச்சின். வாங்கப் போகிறவர் கேட்பது பெரும்பாலும் "ஜோடி என்ன விலை?" என்பதுதான். "மே மாதம் இது எப்படித் தாங்கும்?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் நல்லது. இந்தக் கோழிகளின் அழகில் பெரும்பங்கு இறகில் இருக்கிறது. கோழி தன் உடம்புச் சூட்டைக் காப்பதும் விடுவதும் அதே இறகை வைத்துத்தான்.

நாட்டுக்கோழியின் இறக்கை இறகு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் தண்டு, இருபக்கமும் வரிசையாகக் கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் கண்ணுக்குத் தெரியாத சிறுகிளைகள், அவற்றில் நுண்ணிய கொக்கிகள். இறகை விரலால் பிளந்துவிட்டு, அடியிலிருந்து நுனிப்பக்கமாக இரண்டு முறை நீவினால் பிளவு போன இடம் தெரியாது. செருப்பு வாரில் இருக்கும் வெல்க்ரோ மாதிரி கொக்கிகள் மறுபடி பற்றிக்கொள்கின்றன. கோழி உட்கார்ந்து அலகால் கோதிக்கொண்டே இருக்கிறதே, அதில் இந்த வேலையும் அடக்கம்.

சில்கியின் இறகை இப்படி நீவிப் பார்த்தால் ஒன்றும் ஒட்டாது. கொக்கிகளே கிடையாது. கிளைகள் தனித்தனியாகப் பிரிந்து தொங்குவதால்தான் அந்தப் புசுபுசுப்பு. இதற்குக் காரணம் பிடிஎஸ்எஸ்2 என்ற மரபணுவுக்குச் சற்று முன்னால், அது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று கட்டுப்படுத்தும் பகுதியில், டிஎன்ஏவின் ஒரே ஓர் எழுத்து மாறிப்போனது. அந்த ஒரு மாற்றத்தால் சில்கி பறக்காது. மழைநீர் இறகின் மேல் வழிந்தோடாமல் நேராகத் தோல்வரை இறங்கும். ஐப்பசி மழையில் கூரையில்லாத கூண்டில் ஒரு இரவு விட்டால், காலையில் கோழி விறைத்துப் போயிருக்கும்.

இங்கே ஒரு வழக்கமான சண்டையையும் தீர்த்துவிடலாம். சில்கிச் சேவலை நாட்டுப்பெட்டையோடு விட்டு அடை வைப்பார்கள். பொரிக்கிற குஞ்சு எல்லாவற்றுக்கும் சாதாரண இறகு வளரும். உடனே "சேவல் விற்றவன் ஏமாற்றிவிட்டான்" என்று புகார். ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. சில்கி இறகு ஒடுங்கு பண்பு; தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் வந்தால்தான் வெளியே தெரியும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தங்களுக்குள் சேர்ந்தால், அடுத்த தலைமுறையில் சராசரியாக நாலில் ஒன்று புசுபுசுவென்று வரும். சேவல் அசலா என்று முதல் தலைமுறையிலேயே பார்க்க வேண்டுமா? குஞ்சின் கால்விரலை எண்ணுங்கள். கோழிக்கு நாலு விரல், சில்கிக்கு ஐந்து. அந்த ஐந்தாவது விரலுக்குப் பெரும்பாலும் ஒரு பிரதியே போதும்.

தோலின் கருமையும் அப்படி ஒரு பிரதியிலேயே வெளியே தெரியும் ஓங்கு பண்புதான். சில்கி, மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத், இந்தோனேசியாவின் அயாம் செமானி மூன்றுக்கும் ஒரே மரபணு மாற்றம். நிறமிச் செல்களைப் பெருகச் சொல்லும் ஈடிஎன்3 என்ற மரபணு இருக்கும் துண்டு இரட்டிப்பாகிவிட்டது. அதனால் கருவிலேயே நிறமிச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி, போகக்கூடாத இடமெல்லாம் போய், எலும்பின் மேலுறைவரை கறுத்துவிடுகின்றன. கலப்புக் குஞ்சு எவ்வளவு கறுக்கும் என்பதில் சேவலா பெட்டையா என்று தீர்மானிக்கும் குரோமோசோமில் உள்ள இன்னொரு மரபணுவுக்கும் பங்கு உண்டு. அதனால் ஒரே ஈட்டில் பெட்டைகள் கறுத்தும் சேவல்கள் வெளுத்தும் வருவது உண்டு.

சரி, வெயிலுக்கு வருவோம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடே 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். காற்று 30 டிகிரியில் இருக்கும்போது கொண்டை, தாடி, கால் வழியாக ரத்தத்தின் சூடு தானாக வெளியேறும். காற்றும் 41-ஐத் தொட்டுவிட்டால்? வேலூரில் கத்திரி வெயிலில் அது அதிசயமில்லை. அப்போது வெளியே போக வேண்டிய சூட்டுக்குப் போக்கிடமே இல்லை. மிச்சம் இருப்பது ஒரே வழி, வாயைத் திறந்து இரைத்து ஈரத்தை ஆவியாக்குவது. ராத்திரியாவது ஆறுமா என்றால், வேலூரைக் கேலி செய்யும் பழைய பேச்சில் வரும் அந்த "மரமில்லாத மலை" பகலெல்லாம் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகும் விட்டுக்கொண்டே இருக்கும். மொட்டைமாடித் தளமும் அப்படியே.

இந்த இடத்தில் பிராமாவும் கொச்சினும் மாட்டிக்கொள்கின்றன. உடம்பு பெரிது, இறகு அடர்த்தி. சூட்டை வெளியேற்ற வேண்டிய காலும் இறகால் மூடியிருக்கிறது. அந்தக் கால் இறகின் கதை வேடிக்கையானது: இறக்கை உருவாகும் இடத்தில் வேலை செய்ய வேண்டிய டிபிஎக்ஸ்5 என்ற மரபணு, இந்த இனங்களில் கருவில் கால் முளைக்கும் இடத்திலும் வேலை செய்கிறது. கால் கொஞ்சம் இறக்கையாக மாறப் பார்க்கிறது என்று சொல்லலாம்.

இதற்கு நேர் எதிர், கழுத்தில் இறகே இல்லாத மொட்டைக்கழுத்துக் கோழி. பார்க்க லட்சணமில்லை என்று பலர் ஒதுக்குவார்கள். என் ஓட்டு அதற்குத்தான். அந்த மரபணு ஒரு பிரதி இருந்தால் உடம்பின் மொத்த இறகு சுமார் 20 சதவீதம் குறையும், இரண்டு இருந்தால் 40 சதவீதம் வரை. வெயில் ஊர்களில் அது நன்றாகத் தின்று நன்றாக வளர்கிறது என்பது பலமுறை சோதித்துப் பார்த்த சங்கதி. இறகு பின்னோக்கிச் சுருண்டு நிற்கும் ஃபிரிசிலும் வெயிலைப் பரவாயில்லாமல் சமாளிக்கும். ஆனால் ஃபிரிசிலோடு ஃபிரிசிலைச் சேர்க்காதீர்கள். இறகுக்கு உறுதி தரும் கெரட்டின் என்ற புரதத்தைக் கெடுக்கும் அந்த மரபணு மாற்றம் இரண்டு பிரதியாக வந்த குஞ்சுக்கு இறகு முறிந்து முறிந்து உதிரும், பாதி உடம்பு வெற்றுடம்பாகிவிடும். ஃபிரிசிலுக்குச் சாதாரண இறகுள்ள ஜோடிதான் சரி. குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சுருளும், பாதி சுருளாது. அது போதும்.

இரைப்பதற்கும் ஒரு விலை உண்டு. அது முட்டையில் தெரியும். நிமிடத்துக்கு 25, 30 மூச்சு விடும் கோழி, வெயிலில் 150-க்கு மேல் போகும். ஒவ்வொரு மூச்சிலும் கரியமில வாயு கூடுதலாக வெளியேறுகிறது. ரத்தம் காரத்தன்மை அடைகிறது, அதில் பைகார்பனேட் குறைகிறது. முட்டை ஓடு ஏறக்குறைய முழுதும் கால்சியம் கார்பனேட். அதில் கால்சியம் தீவனத்திலிருந்து, கார்பனேட் ரத்தத்திலிருந்து. ஆகவே மே மாதம் தோல் முட்டை விழுந்தால், கிளிஞ்சல் தூளை அள்ளிப் போட்டும் சரியாகாமல் போகலாம். பற்றாக்குறை கால்சியத்தில் இல்லையே. தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம் அளவு சமையல் சோடா கலந்து உச்சி வெயில் நாட்களில் மட்டும் கொடுப்பது இந்தக் கணக்கில்தான்.

தீவனத்தையும் மதியம் வைக்க வேண்டாம். செரிக்கும்போதே உடம்பில் சூடு பிறக்கும். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வைத்தால் அந்தச் சூடு வெயிலோடு சேராது. தகரக் கூரையாக இருந்தால் மேலே தென்னங்கீற்று, பக்கத்தில் நனைத்த கோணி. வேலூரின் கோடைக்காற்று வறண்டது என்பதால் கோணி நன்றாகவே குளிரும். ஆனால் காற்றோட்டம் இருக்க வேண்டும். நாலு பக்கமும் கோணியால் அடைத்தால் உள்ளே ஈரம் தேங்கி, கோழி இரைத்தும் பயனில்லாமல் போகும்.

பாலிஷ் கேப் வைத்திருப்பவர்கள் அகலமான தண்ணீர்த் தட்டை எடுத்துவிட்டு, அலகால் தொட்டால் சொட்டும் நிப்பிள் வைப்பது நல்லது. தலை இறகு நனைந்து, அழுக்குப் பிடித்து, கண்ணை மறைத்துவிடும். அந்த இறகுக்குக் கீழே மண்டையோடு மேடு தட்டியிருக்கும், சிலவற்றில் எலும்பு முழுதாக மூடாமலும் இருக்கும். நாட்டுக்கோழி அங்கே ஒரு கொத்து கொத்தினால் கதை முடிந்தது. இரண்டையும் ஒரே கூண்டில் விடாதீர்கள்.

அப்புறம் வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய். பொய்கைச் செவ்வாய்ச் சந்தையிலோ வேறு எங்கோ வாங்கிய கோழியை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்த பிறகே பழைய கோழிகளோடு சேர்க்க வேண்டும். இந்த நோய்க்கான தடுப்பு மருந்து நமக்குப் பக்கத்திலேயே, ராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கிய அரசுக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிறது. குஞ்சுக்கு ஒரு வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. இரண்டிலும் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். ஆகவே கடையிலிருந்து ஐஸ் வைத்த ஃப்ளாஸ்க்கில் எடுத்துவந்து, கரைத்த ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். குப்பி ஒன்றில் பெரும்பாலும் 100 டோஸ் இருக்கும். நாலு கோழி வைத்திருப்பவர் தெருவில் கோழி வளர்க்கும் மற்றவர்களையும் கூப்பிட்டு, வெயில் ஏறுவதற்குள் எல்லாக் கோழிக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம்.