செத்த பக்டீரியாவுக்கும் வேலை உண்டு

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குசினியில் இரவு அரைத்து வைக்கும் தோசைமா, விடியும்போது பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நிற்கும். லாக்டிக் அமில பக்டீரியாக்கள் இரவெல்லாம் பெருகி, வாயுவை விட்டு மாவைப் பொங்க வைத்திருக்கும். ஒருநாள் அம்மா கேட்டார்: “கல்லில ஊத்தினதும் அதுகள் எல்லாம் செத்துப் போயிடுந்தானே. பிறகென்ன பிரயோசனம்?”

நல்ல கேள்வி. புரோபயோட்டிக் என்றாலே, நன்மை செய்யும் பக்டீரியா உயிரோடு குடலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். ஆனால் இறந்த நுண்ணங்கிகளாலும் அவற்றின் உடற்பகுதிகளாலும் உடலுக்கு நன்மை கிடைக்கலாம். அப்படிப்பட்ட தயாரிப்புக்குப் பெயர் போஸ்ட்பயோட்டிக். 2021இல் ஆய்வாளர் குழுவொன்று இதற்கு வரைவிலக்கணம் எழுதியது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அக்கர்மான்சியா. நம் குடலின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தில் வாழும் பக்டீரியா இது. 2019இல் வெளியான பெல்ஜிய ஆய்வில், உடற்பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் உள்ள 32 பேர் மூன்று மாதம் பங்கெடுத்தார்கள். சிலருக்கு உயிருள்ள அக்கர்மான்சியா, சிலருக்குச் சூடாக்கிக் கொன்றது, மற்றவர்களுக்கு வெறும் போலி மருந்து. இன்சுலின் வேலை செய்யும் திறன் தெளிவாகக் கூடியது, கொன்ற பக்டீரியாவை எடுத்தவர்களிடம்!

எப்படி? இந்தப் பக்டீரியாவின் வெளிச்சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. 70 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் அது குலைவதில்லை. நம் கலங்களின் மேற்பரப்பில் ‘ரி.எல்.ஆர்.2’ என்றொரு ஏற்பி உண்டு. பக்டீரியாத் துண்டுகளை அடையாளம் காண்பதே அதன் தொழில். இந்தப் புரதம் அதில் போய் ஒட்டும். எலிகளில் பார்த்தபோது, குடற்சுவரின் கலங்களுக்கு இடையிலான இணைப்புகள் இதனால் இறுகின. சுவர் இறுகினால், அழற்சியைத் தூண்டும் பொருட்கள் இரத்தத்துக்குள் கசிவது குறையும். ஒட்டுவதற்குப் புரதம் போதும், பக்டீரியா உயிரோடு இருக்கத் தேவையில்லை.

இன்னொரு பொருள் பியூட்டிரேட். நார்ச்சத்தைக் குடல் பக்டீரியாக்கள் நொதிக்கும்போது உண்டாகும் இந்தச் சிறிய கொழுப்பமிலம்தான் பெருங்குடற் கலங்களின் முதன்மை எரிபொருள். தனியாகப் பிரித்தெடுத்தால் அந்த வரைவிலக்கணப்படி இது போஸ்ட்பயோட்டிக் ஆகாது. சரி, பெயர் என்னவாயினும் அதை உண்டாக்க நம் சாப்பாடே போதும். ஆறிய சோற்றில் சமிக்காத மாப்பொருள் கூடும். பெருங்குடலில் அதைத் தின்னும் பக்டீரியாக்கள் பியூட்டிரேட்டைத் தரும். பழஞ்சோறு சாப்பிட்டவர்களின் பெருங்குடலுக்கு இந்த எரிபொருள் புதிதல்ல.

இறந்த பக்டீரியாவில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அதன் பாதுகாப்பு. நோயெதிர்ப்பு மிகவும் குன்றியவர்களுக்கு உயிருள்ள பக்டீரியா அரிதாக இரத்தத்தில் தொற்றை உண்டாக்கலாம், இறந்தது பெருகாது. குளிரூட்டியையும் அவ்வளவாக நம்பியிருக்காது. 2022இல் நாளுக்குப் பல மணிநேரம் மின்வெட்டைப் பார்த்த கொழும்புக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் இன்னும் சிறிய ஆய்வுகளே அதிகம். நீரிழிவு மருந்தை நிறுத்திவிட்டு இவற்றை நம்பக் கூடாது.

அப்புறம், அம்மாவின் தோசை. எந்தப் பக்டீரியா, எவ்வளவு என்று அளந்து மனிதரில் சோதிக்காததால் அதைப் போஸ்ட்பயோட்டிக் என்று சொல்ல முடியாது. ஆனாலும் உழுந்திலும் அரிசியிலும் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பைற்றேட்டின் ஒரு பகுதி, மா புளிக்கும்போதே உடைந்துவிடும். கல்லில் ஊற்றினாலும் அது மறுபடி சேராது.