மூன்றாவது பத்தி: யாருக்கு?

ஊர் மாறலாமா வேண்டாமா என்று கேட்டு என்னிடம் வருகிறவர்களில் பலர் கையில் ஒரு தாளோடுதான் வருகிறார்கள். நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் சாதகம், அந்தப் பக்கம் பாதகம். குடும்பநல ஆலோசகராக இருக்கும் இத்தனை வருடத்தில் அப்படிப்பட்ட தாள்களை நிறையப் பார்த்துவிட்டேன். தாள் எழுதுவதில் தப்பே இல்லை. அதில் ஒரு பத்தி குறைகிறது, அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன்னால் வந்த ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் உட்கார்ந்ததுமே தாளை மேசைமேல் விரித்தார். சாதகம் 11, பாதகம் 4. "கணக்கு தெளிவா இருக்கு மேடம். ஆனா ஒரு மாசமா இவ ராத்திரி தூங்கறதே இல்லை, அதான் கூட்டிட்டு வந்தேன்" என்றார். மனைவியோ தாளைப் பார்க்காமலே, "இவர் எது முடிவு பண்ணாலும் எனக்குச் சரிதான் மேடம்" என்றார்.

நான் பேனாவை அந்த அம்மாவிடம் நீட்டி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது யாருக்கு என்று மட்டும் எழுதச் சொன்னேன். (இது எந்தப் புத்தகத்திலும் படித்த உத்தி இல்லை. முதல் தடவை அலுப்பில் செய்தேன், வேலை செய்தது, அப்புறம் பழக்கமாகிவிட்டது.) சம்பள உயர்வு: எல்லோருக்கும். பதவி: அவருக்கு. அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வீடு: அவருக்கு. நல்ல பள்ளி: சின்னவளுக்கு. பெரியவனுக்கு ஒரு கேள்விக்குறி. பாதகத்தில் புது மொழி: எனக்கு. வயதான பெற்றோர் தள்ளிப்போவது: எனக்கு. எழுதி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கணவரைப் பார்த்து, "நான் வேலையை விடணும்கறது இதுல எங்கயுமே இல்லையே?" என்று கேட்டார்.

கணவர் கெட்டவர் இல்லை. "அங்க போய்த் தேடிக்கலாம்னு நினைச்சேன்" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார். தன் கண்ணுக்குத் தெரிந்ததை நேர்மையாக எழுதியிருந்தார். ஒருவர் எழுதும் பட்டியலில் அவர் கண்ணுக்குத் தெரிவதுதானே வரும்?

இந்த இரண்டு பத்திப் பழக்கத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1772இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பாதிரியாராக இருந்த ஜோசப் பிரீஸ்ட்லிக்கு ஷெல்பர்ன் பிரபுவிடமிருந்து ஒரு வேலை வந்தது. ஏற்றால் ஊரை விட்டுப் போகவேண்டும். நண்பர் பெஞ்சமின் பிராங்க்ளினிடம் யோசனை கேட்டார். பிராங்க்ளின், என்ன முடிவெடுப்பது என்று சொல்லத் தனக்கு விவரம் போதாது, எப்படி எடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்று செப்டம்பர் மாதம் பதில் எழுதினார். தாளை இரண்டாகப் பிரி, மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்ற எழுது, பிறகு எடை போட்டு, சமமானவற்றை இரு பக்கமும் அடித்துக்கொண்டே வா, மிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் முடிவு. ஆக, இந்தத் தாளின் புகழ்பெற்ற முதல் பயனே ஓர் ஊர் மாற்றத்துக்குத்தான். பிரீஸ்ட்லி போனார். அங்கே போய் 1774இல் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தார். அது எந்தப் பத்தியிலும் இருந்திருக்க முடியாது.

எனக்குச் சிக்கலாகப் படுவது அந்த அடித்தல்தான். என் சாதகத்தையும் என் பாதகத்தையும் எதிரெதிராக வைத்து அடிக்கலாம், இரண்டும் ஒரே ஆளுடையவை. கணவரின் பதவி உயர்வையும் மனைவியின் வேலையிழப்பையும் எதிரெதிராக வைத்து அடித்தால் தாளில் இரண்டும் மறைந்துவிடும், வீட்டில் மறையாது. பிரீஸ்ட்லிக்கும் மனைவி, பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் அந்தக் கடிதம் சொல்வதெல்லாம் ஒரே தலைக்குள் நடக்கிற கணக்கைத்தான்.

பொருளியல் அறிஞர் ஜேக்கப் மின்சர் 1978இல் குடும்பங்களின் இடப்பெயர்வைப் பற்றி எழுதும்போது இதற்கு ஒரு பெயரே வைத்தார். தனியாளாக இருந்தால் போயிருக்கமாட்டார், குடும்பத்துக்காகக் கட்டுண்டு போகிறார் என்று ஒரு வகை. தனியாளாக இருந்தால் போயிருப்பார், குடும்பத்துக்காகக் கட்டுண்டு தங்கிவிடுகிறார் என்று இன்னொரு வகை. இரண்டாம் வகையை நாம் மறந்துவிடுகிறோம். போகாமல் இருப்பதற்கும் விலை உண்டு. கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டு, பத்து வருடம் கழித்தும் சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லிக்காட்டுகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். அதனால் 'இங்கேயே இருப்பது' என்பதற்கும் தனியாக ஒரு தாள் எழுதச் சொல்வேன். இருந்தால் எதுவும் மாறாது என்ற எண்ணத்தில்தான் பலர் இருக்கிறார்கள். பிள்ளைகள் வளர்ந்து வெளியே போவார்கள், பெற்றோருக்கு வயதாகும், இப்போதைய வேலையும் இப்படியே இருக்காது.

சரி, 'யாருக்கு' என்பதற்கு அடுத்து நான் கேட்பது 'எத்தனை தடவை'. விமான நிலையம் பக்கம் என்று ஒருவர் சாதகத்தில் எழுதியிருந்தார். வருடத்துக்கு இரண்டு முறை விமானம் ஏறுகிறவர். அலுவலகம் போய்வர மூன்று மணி நேரம் என்பதைப் பாதகத்தில் ஒரே வரியாக எழுதியிருந்தார். அது வருடத்துக்கு இருநூற்றைம்பது நாள். தாளில் இரண்டும் ஒரு வரிதான்! பயண நேரத்தைப் பற்றி அலாய்ஸ் ஸ்டட்சர், புரூனோ ஃபிரே என்ற இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வு பேசப்பட்ட ஒன்று. நீண்ட பயணத்தைச் சகித்துக்கொள்கிறவர்களுக்கு அதை ஈடுகட்டச் சம்பளமோ நல்ல வீடோ கிடைத்திருக்கவேண்டும், அதனால் அவர்கள் திருப்தி மற்றவர்களைவிடக் குறையக் கூடாது. குறைந்துதான் இருந்தது.

கண்ணில் பளிச்சென்று படுவது பெரிதாகத் தெரியும் என்பது இன்னொரு சிக்கல். டேவிட் ஸ்கேடும் டேனியல் கானமனும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க மத்திய மேற்குப் பகுதி மாணவர்களிடமும் தெற்குக் கலிஃபோர்னியா மாணவர்களிடமும் தங்கள் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்று கேட்டார்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே பதில். உங்களைப் போன்ற ஒருவர் எங்கே திருப்தியாக இருப்பார் என்று கேட்டபோது மட்டும், இரு பக்கத்தவரும் கலிஃபோர்னியாவைக் காட்டினார்கள். காரணம் பெரும்பாலும் தட்பவெப்பம். இரண்டு ஊரை ஒப்பிடும்போது வித்தியாசம் கண்ணில் படுகிறது. வாழும்போது நம் கவனம் அதில் இல்லை. தண்ணீர் வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல், மேலாளர் முறைத்தார், இப்படிப் போகிறது நாள். எனவே புது ஊரைப் பார்க்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது, விடுமுறையில் போகாதீர்கள், வாரத்தின் நடுவில் போங்கள். பார்த்திருக்கும் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குக் காலை நெரிசலில் ஒரு தடவை போய்வாருங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தத் தெருவில் நில்லுங்கள்.

மனிதர்கள் விஷயத்துக்கு வருவோம். 'புது நண்பர்கள் கிடைப்பார்கள்' என்று சாதகத்தில் எழுதுகிறார்கள். கிடைப்பார்கள், ஆனால் எப்போது? ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அண்மையில் ஊர் மாறியவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் கவனித்தார். தெரிந்த முகம் ஓரளவு நண்பராவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழித்திருக்கவேண்டும். நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம். நெருங்கிய நண்பர் என்றால் 200க்கு மேல். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒருவரோடு உட்கார முடிந்தால், நெருங்கிய நட்புக்கு இரண்டு வருடம். முதல் வருடத்தில் "எனக்கு இங்கே யாருமே இல்லை" என்று அழுகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுவேன். தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்து வந்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

இதில் மிகவும் அடிபடுகிறவர்கள் முதியவர்கள். மகனோடு வந்து இருங்கள் என்று அழைத்துப்போகிறார்கள், அன்பாகத்தான். பழைய ஊரில் அந்த அம்மா தனியாகக் கடைக்குப் போவார், வங்கிக்குப் போவார், தெருவில் நாலு பேர் நின்று பேசுவார்கள். புது ஊரில் மொழி தெரியாது, தெருவைக் கடக்கப் பயம், மருந்து வாங்கக்கூட மகன் வரவேண்டும். ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னார், "எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா என்னை யாரும் எதுவும் கேக்கறதில்லை." யோசனை கேட்க யாரும் வருவதில்லை என்பதைத்தான் சொன்னார். இந்த இழப்பை எந்த மகனும் பாதகத்தில் எழுதி நான் பார்த்ததில்லை. 'அம்மா நம்மோடு இருப்பார்' என்று சாதகத்தில்தான் இருக்கும்.

குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். சின்னக் குழந்தைகள் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள் என்பது பெரும்பாலும் சரி. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நண்பர்கள்தான் பாதி உலகம். ஷிகேஹிரோ ஓயிஷியும் உல்ரிக் ஷிம்மாக்கும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் அடிக்கடி வீடு மாறியவர்களுக்குப் பெரியவர்களானபின் மனநிறைவு குறைந்திருந்தது, அதிலும் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குத்தான். கலகலப்பானவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விடை இருக்கலாம்.

ஒரு துக்கத்துக்கோ மணமுறிவுக்கோ பிறகு உடனே ஊர் மாற நினைக்கிறவர்களிடம், ஆபத்து எதுவும் இல்லையென்றால், கொஞ்சம் பொறுக்கச் சொல்வேன். வன்முறையிலிருந்து தப்பிக்கிறவருக்கு இந்தத் தாளும் வேண்டாம், பொறுமையும் வேண்டாம். முதலில் பாதுகாப்பான இடம்.

தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரு மருத்துவர்கள் 1967இல் வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். துணையின் மரணம் 100. வீடு மாறுவது வெறும் 20. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஊர் மாற்றம் தனியாக வருவதில்லை. வாழும் சூழல் மாற்றம் 25, வேலைப் பொறுப்பு மாற்றம் 29, துணை வேலையில் சேர்வது அல்லது விடுவது 26, பள்ளி மாற்றம் 20, பழகும் வட்டம் மாறுவது 18, குடும்பம் ஒன்றுகூடுவது குறைவது 15. மொத்தம் 153. முரட்டு அளவுகோல்தான், ஜோசியம் இல்லை. ஆனால் புது ஊருக்குப் போன இரண்டாவது மாதத்தில் எதற்கெடுத்தாலும் சண்டை வந்தால், தப்பான முடிவெடுத்துவிட்டோம் என்று பதறவேண்டாம். உடம்பும் மனசும் ஒரே நேரத்தில் ஏழு வேலை பார்க்கின்றன. பல வாரங்கள் தூக்கமோ பசியோ சரியாகவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போய்விடுங்கள்.

அந்தத் தம்பதி மூன்றாம் தடவை வந்தபோது புதுத் தாள் ஒன்று கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தது. திரும்பி வரவேண்டியிருந்தால் என்ன செய்வது என்று அடியில் தனியாக எழுதியிருந்தார்கள். சொந்த வீட்டை விற்பதில்லை, ஒரு வருடம் வாடகைக்கு விடுவது. மனைவி அங்கே இருக்கும் நிறுவனங்களுக்கு இங்கிருந்தே விண்ணப்பம் போட ஆரம்பித்திருந்தார். பெரியவனுக்குப் பக்கத்தில் இருந்த கேள்விக்குறியைப் பற்றிக் கேட்டேன். அவனிடமே தாளைக் கொடுத்தார்களாம். கேள்விக்குறியை அடித்துவிட்டு, "பரீட்சை முடிஞ்ச பிறகுன்னா எனக்கு ஓகே" என்று எழுதிக் கொடுத்திருந்தான். அதுவரை போகலாமா கூடாதா என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள். எப்போது என்று அந்த வீட்டில் முதலில் சொன்னவன் அவன்தான்.