வளைவில் பிரேக்குக்கு எவ்வளவு மிச்சம்?

பைக் சாலையைத் தொடுவது இரண்டு டயர்களின் அடியில் இருக்கும் உள்ளங்கை அளவு ரப்பரால்தான். வேகம் எடுப்பது, நிறுத்துவது, திரும்புவது மூன்றுக்கும் அதன் பிடிப்பே போதுமானதாக இருக்க வேண்டும். நேர்ச்சாலையில் மொத்தப் பிடிப்பையும் பிரேக்குக்குக் கொடுக்கலாம். வளைவிலோ, திரும்புவதற்கே ஒரு பங்கு போய்விடுகிறது.

30 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பைக் சுமார் 23 டிகிரி சாய வேண்டும். 50-இல் 33, 60-இல் 43. (டயரின் அகலத்தையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும்.) காய்ந்த சாலையில் டயர்களின் பிடிப்பு, வண்டியும் ஆளும் சேர்ந்த எடைக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், 40-இல் போகும்போது பிரேக்குக்கு சுமார் 90 சதவீதம் மிஞ்சும். 50-இல் 75. 60-இல் வெறும் 33! பக்கவாட்டு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதும், அதுவும் அதற்குச் செங்குத்தான பிரேக் விசையும் பைதாகரஸ் தேற்றப்படி சேர்வதும்தான் காரணம். மழையில் பிடிப்பு 70 சதவீதமாகக் குறைந்தால், அதே வளைவில் 60-இல் திரும்பவே முடியாது.

அதனால்தான் பைக் நிமிர்ந்திருக்கும்போதே, வளைவுக்கு முன்னால், வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். அதையும் படிப்படியாகச் செய்ய வேண்டும். முன் பிரேக் லீவரை மெல்ல அழுத்தினால், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கி, எடை முன்னால் வந்து, டயர் சாலையில் நன்றாகப் பதிகிறது. வெடுக்கென்று பிடித்தால், எடை வந்து சேர்வதற்குள் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும்.

சாய்ந்த நிலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அப்போது டயர் சாலையைத் தொடும் இடம் வளைவின் உட்புறமாகத் தள்ளி இருக்கிறது. முன் பிரேக் அந்த இடத்தைப் பின்னோக்கி இழுக்க, ஹேண்டில் உட்புறம் திரும்பப் பார்க்கும். உடனே பைக் நிமிர்ந்து, வளைவுக்கு வெளியே ஓடும்.

ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுவதும் ஒருவகை பிரேக்தான்: எடை முன்னால் பாய்கிறது, பின் டயர் லேசாகிறது. வளைவில் பைக் தானாகவே வேகம் இழக்கும் என்பதால், அதை ஈடுகட்டும் அளவு மென்மையாகத் திருகி வைத்திருந்தால் வண்டி நிலையாகப் போகும். நிமிர நிமிரக் கூட்டலாம்.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் சாதாரண ஏபிஎஸ்ஸுக்குச் சாய்வு தெரியாது. பாஷ் நிறுவனம் 2014 மாடல் கேடிஎம் 1190 அட்வென்சரில் கொண்டுவந்த அமைப்பு சாய்வையும் அளந்து பிரேக்கை மட்டுப்படுத்துகிறது. இல்லாத பிடிப்பை அதனாலும் உண்டாக்க முடியாது.

வேகமாக நுழைந்துவிட்டது பாதி வளைவில் தெரிந்தால் பதறி லீவரைக் கவ்வாதீர்கள். கண் வளைவின் முடிவில் இருக்கட்டும், ஹேண்டிலைப் பிடித்தபடியே பைக்கைச் சாய்வில் வைத்திருங்கள், பிரேக்கைப் பூப்போல அழுத்துங்கள். நம் வளைவில் 60-இலிருந்து 50-க்கு இறங்கினாலே 33 சதவீதமாக இருந்த மிச்சம் 75 ஆகிவிடும். அதற்கேற்ப இன்னும் அழுத்தலாம்.